ஓடுகிற நிரலிடம் கேட்டது

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது ஸ்டோருக்கு முன்னால் இரண்டு ஜீப்புகள் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. தரையில் சாக்குகளை விரித்துப் போட்டிருந்தார்கள். ஏலமலையில் ஸ்டோர் என்றால் கடையோ கிட்டங்கியோ இல்லை. பறித்து வந்த பச்சை ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, சூடான காற்றில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உலர்த்துகிற கட்டடம். அந்த ஸ்டோர் என் பள்ளித் தோழியின் குடும்பத்துக்குச் சொந்தமானது. உள்ளே பாதி காய்ந்த காய் இருந்தது. அதை அப்படியே இறக்கி, பக்கத்துத் தோட்டத்து விறகு அடுப்புக்குக் கொண்டுபோய்விடுவது என்று அவளுடைய அண்ணன் முடிவு செய்திருந்தார்.

"வா தங்கச்சி," என்றார் என்னைப் பார்த்ததும். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. "ஒன் பொட்டிய நீயே பதனமாக் கழட்டி எடுத்துக்க. நாங்க கழட்டுனா எதையாவது ஒடச்சுப்புடுவோம்."

அந்தப் பெட்டி நாங்கள் செய்தது. நாங்கள் என்றால் நானும், மதுரையில் இருக்கும் என் தொழில் கூட்டாளியும். சுவரில் மாட்டுகிற அளவு பெட்டி. அதற்குள் ஒரு சின்னக் கணினி, அதில் பைத்தான் மொழியில் எழுதிய ஒரு நிரல். அறைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று பார்த்து, கேஸ் அடுப்பை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றாடியை ஓட்டுவதும் அதன் வேலை. சூடு குறைந்தால் காயில் பூசணம் பூத்துவிடும். கூடினால் பச்சை போய் வெளுத்துவிடும், தோல் வெடிக்கும். போடி ஏல மையத்தில் காயைக் கையில் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

எனக்குச் சொந்த ஊர் சிலமலை. வீட்டில் விவசாயம். மதுரையில் படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, பிறகு போடிக்கே வந்து ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துத் தொழில் தொடங்கினேன். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள் இந்தத் தோழி. அவளுடைய அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து மலை ஏற முடியாமல் போனதிலிருந்து தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். கீழே போடியில் வியாபாரத்தை அண்ணன் பார்க்கிறார். அண்ணனுக்கு இஷ்டமில்லாமல், என் வார்த்தையை நம்பி எங்கள் பெட்டியை மாட்டியவள் அவள். போன பருவம் முழுக்கக் காய் கிளிப்பச்சையாக வந்தது. இந்தப் பருவத்தில் தொடக்கம் நன்றாக இருந்தது. பிறகு ஒவ்வொரு லோடாக நிறம் மங்கிக்கொண்டே வந்து, கடைசியாக இறங்கிய லோடு வைக்கோல் மாதிரி ஆகியிருந்தது. அன்று காலையில்தான் எனக்கு அவள் போன் செய்தாள்.

"வெரசா வாடி. அண்ணன் முந்தல் தாண்டிட்டாரு. அவருக்கு முன்னாடி வந்து நீயே பேசு," என்றாள்.

முந்தல் மலையடிவாரம்; நான் அங்கே சேர்வதற்குள் அவர் ஜீப்பு மலை உச்சியில் இருக்கிற மெட்டையே தாண்டிவிட்டது.

நான் மடிக்கணினிப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டேன். "அண்ணே, இப்ப உள்ள இருக்கிற லோடு இன்னும் கெட்டுப்போயிடல. எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க. என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லிடுறேன்."

"என்னத்தப் பாக்கப் போற?"

"நிரலுக்குள்ள இருக்கிற ஃபங்ஷனையெல்லாம் பாக்கணும்."

"ஃபங்ஷனா? யாரு வீட்ல?"

ஜீப்பில் சாய்ந்து நின்ற டிரைவர் சிரித்துவிட்டார். தோழிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அண்ணனும் தான் கேட்டது வேடிக்கையாகிவிட்டதை உணர்ந்து லேசாக மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. "சரி, டீ போடச் சொல்லியிருக்கேன். குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாரு. அதுக்கு மேல காய் தாங்காது," என்றார்.

உள்ளே போனேன். அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவர் நின்றிருந்தார். அவர் தேவாரத்துக்காரர்தான். ஆனால் மலையிலேயே இருந்து இருந்து பேச்சில் பாதி மலையாளம். எல்லோரும் அவரைச் சேட்டா என்பார்கள். "மோளே, சூடு கூடுதலா கேட்டோ. வாசனையே மாறிப்போச்சு," என்றார். கண்ணாடிக் குழாய் வெப்பமானி ஒன்றைப் பழைய காலத்திலிருந்தே அந்தச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள். அது காட்டிய சூடும் எங்கள் பெட்டி காட்டிய சூடும் ஒன்றாகவே இருந்தன. அளக்கிற கருவியில் பழுது இல்லை. சூடு கூடியிருப்பது பெட்டிக்குத் தெரிகிறது. தெரிந்தே எரிக்கிறது.

மதுரைக்குப் போன் போட்டேன். நிரலின் பெரும்பகுதியை எழுதியவர் என் கூட்டாளி. விஷயத்தைக் கேட்டதும், "மொதல்ல ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. லோடு எந்தக் கட்டத்துல இருக்குன்னு பெட்டி எழுதி வச்சிருக்கும், விட்ட எடத்துல இருந்து தொடங்கிரும்," என்றார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த தோழி இடைமறித்தாள். "அதைத்தான் போன வாட்டி செஞ்சோம். ரெண்டு லோடு பச்சையா வந்துச்சு. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடின்னு மறுபடியும் வெளுத்துப்போச்சு."

"அணைச்சு அணைச்சுப் பொருத்துறதுக்கு ஒரு பொட்டி எதுக்கு?" என்றார் வாசலில் நின்ற அண்ணன்.

அவர் கேட்டது நியாயம். ஆனால் தோழி சொன்னதைக் கேட்டபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. நிறுத்தினால் சரியாகிறது, ஓட ஓடக் கெடுகிறது என்றால், கெடுக்கிற ஏதோ ஒன்று ஓடுகிற நிரலின் நினைவில் சேர்ந்துகொண்டே வருகிறது. நிறுத்திய கணம் அது அழிந்துபோகும். இந்த லோடு தப்பும். ஆனால் எது கெடுத்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

"நிறுத்தப் போறதில்ல," என்றேன். "ஓடும்போதே பாத்துடுறேன்."

"அணைக்காம எப்படிங்க பாப்பீங்க?" என்றார் கூட்டாளி. அவர் எதையும் எழுதி, நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிற வகை. நன்றாக எழுதுவார். நான் வேறு வழியில் பழகியவள். சென்னையில் நான் வேலை பார்த்தது, யார் யாரோ பல வருடமாக எழுதிச் சேர்த்த ஒரு பெரிய நிரலில். அதை நிறுத்தினால் எங்கெங்கோ இருக்கிறவர்களின் சோலி நின்றுபோகும். அதனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய், அதனிடமே அதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இந்தப் பெட்டியைச் செய்தபோதும், எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லோடு அப்படி ஒரு வழியை வைத்தே தீரவேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். அவர் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார். அன்றுவரை அந்த வழிக்கு வேலை வந்ததில்லை.

கம்பியை மாட்டினேன். திரையில் அந்த மூன்று அம்புக்குறிகள் வந்து நின்றன. கேள், சொல்கிறேன் என்று பைத்தான் காத்திருக்கிற அடையாளம் அது. எனக்குப் பின்னால் அடுப்பு எரிகிற ஓசையும் காற்றாடி ஓசையும் நிற்கவே இல்லை.

பைத்தானில் ஒரு ஃபங்ஷன் என்பது நாம் எழுதிவைத்த கட்டளைகள் மட்டுமல்ல. நிரல் ஓடும்போது அது நினைவகத்தில் ஒரு பொருளாகவே உட்கார்ந்திருக்கும். அதனிடம் பேச்சுக் கொடுக்கலாம். உன் பெயர் என்ன, எந்தக் கோப்பில் எந்த வரியில் எழுதப்பட்டாய், உன்னை அழைக்கிறவர்கள் என்னென்ன கொடுக்க வேண்டும், கொடுக்காமல் விட்டால் நீயாக எதை எடுத்துக்கொள்வாய் என்றெல்லாம் கேட்டால் ஒளிக்காமல் சொல்லும். மனிதர்களிடம் இப்படிக் கேட்டால் அடிக்க வருவார்கள்.

முதலில், இப்போது அடுப்பை எவ்வளவு நேரம் கூடுதலாக எரிக்கச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். வந்த எண்ணைப் பார்த்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மார்கழிக் குளிரில் கதவையெல்லாம் திறந்து போட்டால்கூட அவ்வளவு தேவைப்படாது.

"என்னாச்சு?" என்றாள் தோழி.

"காரணமே இல்லாம எரிச்சுக்கிட்டிருக்கு. ஏன்னு கேப்போம்."

அந்த எண்ணைக் கணக்கிடுகிற ஃபங்ஷனைப் பிடித்தேன். அது தனக்கு வருகிற ஒரு பட்டியலைக் கூட்டித் தருகிறது. வேறு ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று பின்னால் போனேன். அறைக்கதவை யாராவது திறந்தால் உள்ளே சூடு சட்டென்று இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, அதற்கு ஈடாக அடுப்பைக் கொஞ்சம் கூடுதலாக எரிக்க வேண்டும் என்பது கூட்டாளியின் யோசனை. நல்ல யோசனை. புது லோடு ஏறும்போதெல்லாம் ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும். பட்டியல் எதுவும் கொடுக்காவிட்டால் அது ஒரு வெறும் பட்டியலோடு தொடங்கும். எழுதியிருந்தது அப்படித்தான். அந்த ஃபங்ஷனிடமே அதன் மூலவரிகளைக் காட்டச் சொல்லி வாங்கி, மேலிருந்து கீழே வாசித்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை.

"என்ன தங்கச்சி, எழுதுற எழுதுற, முடியவே மாட்டேங்குது," என்றார் அண்ணன். டீ வந்துவிட்டிருந்தது.

"எழுதலண்ணே. கேட்டுக்கிட்டிருக்கேன்."

அடுத்த கேள்வியைத் தட்டினேன். உனக்கு யாரும் எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளக் கைவசம் வைத்திருப்பாயே, அதைக் காட்டு.

வெறும் பட்டியல் வரவேண்டும். இரண்டு அடைப்புக்குறிகள், நடுவில் ஒன்றுமில்லாமல். ஆனால் எண்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. திரை நிரம்பி மேலே ஓடி, மறுபடி நிரம்பியது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பைத்தான் எழுதுகிறவர்கள் எல்லோரும் எப்போதாவது விழுந்து எழுந்த பள்ளம் இது. அந்த வெறும் பட்டியல் ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் புதிதாகப் பிறக்கிறது என்று எழுதுகிறவர் நினைப்பார். அப்படி இல்லை. நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு தடவைதான் பிறக்கும். பிறகு எத்தனை லோடு ஏறினாலும் அதே பட்டியல்தான்; முந்தைய லோடுகளின் மிச்சத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வரும். தாளில் வாசித்தால் வெறுமையாகத்தான் தெரியும். ஓடுகிறபோது கேட்டால்தான் அதன் வயிறு தெரியும்.

ஆனால் நான் சிரித்தால் போதாது. அண்ணனுக்குப் புரியவேண்டும். "எல்லாரும் இங்க வாங்க," என்றேன். "சேட்டா, இப்போ கதவைத் திறந்து, நீங்க எப்பவும் பாக்கிற மாதிரி பாத்துட்டு மூடுங்க."

சேட்டா தயங்கினார். தான் செய்தது தவறோ என்கிற பயம் முகத்தில் தெரிந்தது. "வாசனை சரியில்லன்னா தொறந்து பார்க்கும் மோளே. அது வேணும்."

"வேணும்தான். ஒங்க மேல ஒண்ணும் இல்ல. சும்மா தொறங்க."

அவர் திறந்தார். ஏலக்காயின் சூடான நெடி முகத்தில் அடித்தது. தட்டிலிருந்து நாலு காயை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு மூடினார். அறைக்குள் இறங்கிய சூடு மெல்ல நிலைக்கு வந்ததும் நான் மறுபடி அதே கேள்வியைக் கேட்டேன். எண்களின் வாலில் புதிதாக ஓர் எண் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது இப்போ சேட்டா தொறந்தது," என்று விரல் வைத்துக் காட்டினேன். "இதுக்கு முன்னாடி இருக்கிற ஒண்ணு ரெண்டு, இந்த லோடுக்குத் தொறந்தது. மேல இருக்கிற அம்புட்டும் பழைய லோடுங்க. அந்தக் காயெல்லாம் மூட்டையாகிப் போடிக்குப் போயிடுச்சு. ஆனா அதுக்கெல்லாம் சேத்து இந்த லோடை வறுக்குது."

அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "போன வருசம் ஏன் வறுக்கல?" என்றார்.

அதே நிரல்தான், அதே ஸ்டோர்தான், சேட்டாவும் அதே சேட்டாதான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தோழி நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

"பேட்டரி!" என்றாள். "போன வருசம் கரண்டு போயிப் போயி வரும்ல? பொட்டி அணைஞ்சு அணைஞ்சு எரியும். இந்த வருசம்தான நான் இன்வெர்ட்டர் வாங்கி வச்சேன்? நாமளா அணைச்ச அந்த ஒரு வாட்டி தவிர பொட்டி அணையவே இல்ல!"

மலையில் மின்சாரம் போன பருவம் முழுக்க எங்களுக்கே தெரியாமல் அந்தப் பட்டியலைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவள் நல்லது நினைத்து வாங்கி வைத்த பேட்டரி அதை நிறுத்திவிட்டது. போனின் மறுமுனையில் கூட்டாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு, "அந்த வரிய நானா எழுதுனேன்?" என்றார்.

"வேற யாரு?"

"நேத்துகூட வாசிச்சேங்க. பச்சப்புள்ள மாதிரி இருந்துச்சு அந்த வரி." அவரே சிரித்துவிட்டார். இங்கே அறைக்கதவை யாரும் திறந்து பார்க்காமல் மதுரையில் அவர் எத்தனை முறை சோதித்திருந்தாலும் இது வெளிப்பட்டிருக்காது. அதையும் அவரிடம் சொன்னேன்.

பட்டியலைக் காலி செய்ய ஒரு வரி போதும். தட்டுவதற்கு முன்னால் அந்த எண்களையெல்லாம் அப்படியே கூட்டாளிக்கு அனுப்பி வைத்தேன். பிறகு அந்த ஃபங்ஷன் கைவசம் வைத்திருந்த பட்டியலை நினைவகத்திலேயே துடைத்தேன். சேட்டா கடைசியாகத் திறந்ததையும் அதற்கு முந்தைய ஒன்றிரண்டையும் மட்டும் திரும்பச் சேர்த்தேன். அவை இந்த லோடுக்கு உரியவை. நிரல் நிற்கவில்லை. காற்றாடி நிற்கவில்லை. அடுப்பு மட்டும் 'பப்' என்று தணிந்து, சின்ன நீலத் தீயாக ஆகிவிட்டது.

சேட்டா அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "அதே! தீ தாழ்ந்துபோச்சு," என்றார்.

அண்ணன் சுவர் வெப்பமானியின் முன்னால் போய் நின்றுகொண்டார். பாதரசம் இறங்குவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். கையில் டீ ஆறிப்போனது. பிறகு வாசலுக்குப் போய் டிரைவரிடம், "சாக்க மடிச்சு உள்ள போடுங்கப்பா. ஜீப்பு ரெண்டும் காயெடுக்கப் போகட்டும்," என்றார்.

தோழி என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

அத்தோடு நான் எழுந்துவிடவில்லை. ஒரு ஃபங்ஷன் இப்படி இருந்தால் இன்னொன்றும் இருக்கலாம். சில வரிகளில் ஒரு சின்ன நிரல் எழுதி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபங்ஷனையும் வரிசையாக நிறுத்தி, நீயும் இப்படிக் கைவசம் ஏதாவது சேர்த்து வைத்திருக்கிறாயா என்று விசாரிக்க வைத்தேன். எல்லாம் ஒன்றுமில்லை என்றன. காற்றாடியைப் பார்த்துக்கொள்கிற ஒன்று மட்டும் மாட்டியது. அது சேர்த்து வைத்திருந்தது கொஞ்சம்தான், இன்னும் கெடுதல் செய்யத் தொடங்கவில்லை. கூட்டாளி இரண்டையும் திருத்தி அனுப்பினார். அந்த லோடு இறங்கி அறை காலியான பிறகு, திருத்திய நிரலைப் போட்டு, நானே முதல்முறையாகப் பெட்டியை முறையாக அணைத்துப் பொருத்தினேன்.

லோடு இறங்கியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மூடுபனி சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டு வந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கீழ்த்தட்டுக் காய் வெளுத்துத்தான் இருந்தது. அதைக் காப்பாற்ற நான் இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். மேல் தட்டுகள் நல்ல பச்சையாக வந்தன. சூடு ஆறுவதற்குள் தேய்த்துக் காம்பு நீக்க வேண்டும் என்பதால் பெண்கள் உடனே உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணன் மேல் தட்டிலிருந்து ஒரு காயை எடுத்து, நகத்தால் கீறி, உள்ளே இருந்த கறுப்பு விதையரிசியைப் பார்த்தார். வாயில் போட்டுக்கொண்டார்.

"கீழ்த்தட்டு போனது போனதுதான்," என்றார் என்னிடம். "பொட்டி இருக்கட்டும். அடுத்தாப்ல வர்ற லோடுகளயும் பாத்துட்டுப் பேசுவோம்."

பாராட்டு என்று எதுவும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் திரும்பும்போது தன் ஜீப்பிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதெல்லாம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி நினைவு வைக்கிறது, நிரல் தன்னைப் பற்றித் தானே எப்படிச் சொல்லும், பொய் சொல்லாதா.

"சில எடத்துல ஏமாந்துருவோம்ணே," என்றேன். "ஓடிக்கிட்டிருக்கும்போது யாராவது கோப்புல எழுதுனத மாத்தி வச்சாங்கன்னா, நீ எப்படி எழுதப்பட்டன்னு கேட்டா, புதுசா மாத்துனதைத்தான் வாசிச்சுக் காட்டும். ஆனா ஓடுறது பழசாத்தான் இருக்கும். அதனால கையில என்ன வச்சிருக்கன்னும் சேத்துக் கேக்கணும்."

"வியாபாரத்துலயும் அப்படித்தான்," என்று தலையாட்டினார். முந்தல் வந்து சேரும்வரை அதையே இரண்டு மூன்று முறை சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

அந்தப் பருவம் முடிவதற்குள் தோழியின் ஸ்டோரில் இரண்டாவது அறைக்கும் பெட்டி ஏறியது. மாட்டச் சொன்னது அண்ணன்தான். ஏல மையத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒரு தோட்டக்காரரையும் அவரே என் மாடி அறைக்கு அனுப்பி வைத்தார். இப்போது மலையில் பல ஸ்டோர்களில் எங்கள் பெட்டி ஓடுகிறது. புதிதாக எங்களோடு வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் எதையும் எழுதச் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பெட்டியோடு இணைத்துவிட்டு, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து எங்களுக்குச் சொல்லச் சொல்கிறோம். கூட்டாளியின் ஏற்பாடு அது.

தோழி அதற்கும் மேலே போய்விட்டாள். அந்த லோடு தப்பிய மறுவாரமே என்னை உட்காரவைத்து, "அந்த மூணு அம்புக்குறி வர்ற எடத்துல என்ன அடிக்கணும்னு எனக்குச் சொல்லு," என்று பிடித்துக்கொண்டாள். பார்ப்பதற்கு மட்டும் உரிமை தருகிற ஒரு கடவுச்சொல்லை அவளுக்குத் தனியாக வைத்துக் கொடுத்தேன். எதையும் மாற்ற முடியாது; கேட்கலாம். போன வாரம் காலையில் போன் செய்தாள்.

"ஏ புள்ள, ரெண்டாவது ரூம்ல காத்தாடி ஃபங்ஷன் ஒண்ணு இருக்குல்ல, அது ஈரத்தை வாங்கவே இல்லடி. சூட்டை மட்டும்தான் வாங்குது. மொத ரூம்ல இருக்கிறது ரெண்டையும் வாங்குது. ஏன் அப்படி?"

நான் இணைந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. இரண்டாவது அறைக்குப் பழைய பதிப்பை ஏற்றிவிட்டிருந்தோம். காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மதியத்துக்குள் புதியதை அனுப்புவதாகச் சொன்னேன்.

"அனுப்பு," என்றாள். "நானே கேட்டுப் பாத்துக்கிறேன்."